வரைபடத்தில் ஒட்டாத துண்டுகள்: இங்கிலாந்துப் பாரிஷ்கள் ஏன் சிதறிக் கிடந்தன?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நிலஅளவை நிறுவனம்) வரைபடங்களில், ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் தாள்களில், ஒரு பாரிஷின் (ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதி) நட்டநடுவே இன்னொரு பாரிஷின் பெயரோடு ஒரு துண்டு நிலம் கிடக்கும். அளந்தவர்களின் கைப்பிசகு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாரிஷ் முதலில் எல்லைக்கோடே அல்ல; எந்த வயலின் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) எந்தத் தேவாலயத்துக்கு என்ற வரவுக் கணக்கு.

10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை நிலக்கிழார்கள் தங்கள் பண்ணைகளில் தேவாலயம் கட்டினார்கள். பண்ணை நிலம் எங்கே இருந்தாலும் தசமபாகம் அந்தத் தேவாலயத்துக்குப் போனது. பண்ணைகளோ ஒரே இடத்தில் இருந்ததில்லை. உழவு நிலம் ஓரிடம், வைக்கோல் புல்வெளி வேறிடம், விறகுக்கும் பன்றி மேய்ச்சலுக்குமான காடு பல மைல் தள்ளி. கென்ட்டின் வீல்ட் காட்டுக்கு இலையுதிர் காலத்தில் பன்றிகளை ஓட்டிப்போய் ஓக், பீச் கொட்டைகளைத் தின்னவிடுவார்கள். டென்டர்டன் அப்படி, கென்ட்டின் கிழக்கு மூலையிலுள்ள தானெட் ஆட்களின் மேய்ச்சலிடமாக இருந்து ஊரானது. மேய்ச்சலிடத்தில் தனித் தேவாலயம் எழுந்தால் தனிப் பாரிஷ். எழாவிட்டால் தாய்ப் பாரிஷின் துண்டு, அவ்வளவுதான். 12ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சட்டம் இறுகியதும் இந்த உரிமைகள் உறைந்துபோயின. வருமானத்தை எந்தப் பாதிரியார் விட்டுக்கொடுப்பார்?

எசெக்ஸின் கான்வி தீவு இதற்கு அருமையான சாட்சி. ஆடு மேய்த்த சதுப்பு நிலம். கரையிலிருந்த ஒன்பது பாரிஷ்கள் அதைப் பங்குபோட்டிருந்தன. 1880 வாக்கில்தான் அது தனிப் பாரிஷானது.

வரவுக்காகப் போட்ட கணக்கில் செலவை ஏற்றியபோதுதான் வம்பு. 1555இல் சாலைப் பராமரிப்பும், 1601இல் ஏழைகளைக் காக்கும் பொறுப்பும் பாரிஷின் தலையில் விழுந்தன. தொலைவிலுள்ள துண்டில் ஒருவர் நொடித்துப்போனால், பக்கத்து ஊர் கைவிரிக்கும். வரி வசூலிப்பவரும் அடுத்தவர் ஊரைக் கடந்து போகவேண்டும். 1876, 1879, 1882 சட்டங்கள் இதைப் பெரும்பாலும் தீர்த்தன. கடைசிச் சட்டப்படி, ஒரே பாரிஷால் முழுதும் சூழப்பட்ட துண்டுகள் 1883 மார்ச் 25 முதல் அதோடு சேர்ந்தன.

சேர்ந்தது வரியும் ஏழை நிவாரணமும் பார்க்கும் குடிமைப் பாரிஷ் மட்டுமே. திருச்சபைப் பாரிஷின் எல்லை தானாக மாறவில்லை. குடும்ப வரலாறு தேடுபவர்கள் இடறுவது இங்கேதான். துண்டில் வாழ்ந்தவர்கள் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பக்கத்துத் தேவாலயத்துக்கே போயிருக்கலாம். ஆனால் ஏழை நிவாரணத் தாள்களைத் தாய்ப் பாரிஷில் தேடவேண்டும். 1871 வரையிலான மக்கள்தொகைக் கணக்கையும் முதலில் அங்கேதான் பார்க்கவேண்டும். ஆகவே பதிவேட்டைப் புரட்டுமுன், 1836 சட்டத்தின்கீழ் வரைந்த தசமபாக வரைபடத்தில் மனை எண்ணைப் பிடித்து, அதன் அட்டவணையில் நிலக்காரரையும் குடியிருந்தவரையும் பாருங்கள். அந்த நிலத்துக்கு வரைபடமே இல்லையா? பொதுநிலத்தை வேலியிட்டுப் பிரித்தபோதே தசமபாகத்தைத் தீர்த்திருக்கலாம். அந்தப் பிரிவினை ஆவணம் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கிடைக்கக்கூடும்.