ஏ-9 வீதியில் பழகிய ஆங்கில முன்னிடைச்சொற்கள்

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும் வன்னி மாணவர்களைப் பெரிதும் குழப்புபவை, அசைவையும் திசையையும் காட்டும் முன்னிடைச்சொற்களே என்பதை, நான் பரீட்சைக்குப் படித்த காலத்திலும், மாலை வகுப்பில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இப்போதும் காண்கிறேன். தமிழில் இவ்வேலையை வேற்றுமை உருபுகளும் 'நோக்கி', 'வழியாக', 'வரை' முதலிய சில சொற்களும் பெயருக்குப் பின்னால் நின்று முடித்துவிடுகின்றன. ஆங்கிலத்திலோ அது பெயருக்கு முன்னால் நிற்கும் பல சொற்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. ஆகையால் பட்டியலைப் பாடமாக்குவதிலும் பார்க்க, நாளாந்தம் போய்வரும் பாதையை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

கூடுதலான கவனம் 'வழியாக' என்பதற்குத் தேவை. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போவதைச் சொல்ல 'த்ரூ' வரும். இரணைமடுக் குளக்கட்டு வழியாக நடப்பதற்கு 'அலோங்' வரும். ஊரும் காடும் நம்மைச் சூழ்ந்து நிற்பவை; குளக்கட்டு நீளவாக்கில் செல்வது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனால் 'அக்ரோஸ்' என்க. ஆனையிறவில் ஏ-9 வீதி கடல்நீரேரியைக் கடப்பது அவ்வாறுதான். ஒரே வயலைக் கொண்டே மூன்றையும் காட்டலாம்: வரம்பில் நடந்து சென்றால் 'அலோங்', அறுவடை முடிந்த தரையில் குறுக்கே விழுந்து போனால் 'அக்ரோஸ்', இடுப்பளவு நின்ற பயிரை விலக்கிக்கொண்டு போனால் 'த்ரூ'. வயல் மாறவில்லை, நாம் போகும் விதமே மாறியது.

வாகனங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. பேருந்தில் ஏறுவதற்கு 'கெட் ஒன்', இறங்குவதற்கு 'கெட் ஒஃப்'. முச்சக்கர வண்டிக்கு 'கெட் இன்டு', 'கெட் அவுட் ஒவ்'. உள்ளே எழுந்து நடமாடக்கூடிய பெரிய வாகனத்துக்கு முன்னைய சோடி, குனிந்து அமரவேண்டிய சிறிய வாகனத்துக்குப் பின்னையது என்று பிரித்துக்கொள்ளலாம். நம்மிடையே பேச்சில் ஊறிப்போன 'கெட் டவுன் ஃப்ரொம் த பஸ்' என்பதைப் பரீட்சைத் தாளில் எழுதாதிருப்பது பாதுகாப்பு.

'என்டர்', 'ரீச்', 'க்ரொஸ்' ஆகிய வினைகள், ஓர் இடத்துக்குள் நுழைவதையும் அதை அடைவதையும் கடப்பதையும் சொல்லும்போது, முன்னிடைச்சொல்லை ஏற்பதில்லை. கோயிலுக்குள் நுழைந்தோம் என்பதில் உள்ள 'உள்' நம்மை 'இன்டு' போட வைக்கிறது. 'கோ ஹோம்' என்பதிலும் 'டு' இல்லை. 'மாங்குளம் வரை சென்றோம்' என்னும்போது 'அன்டில்' என்று எழுதுவோர் மிகப் பலர். அது காலத்துக்குரியது, இடத்துக்கு 'ஆஸ் ஃபார் ஆஸ்' பொருந்தும். 'டுவோர்ட்ஸ்' திசையை மட்டும் சொல்லும், போய்ச் சேர்ந்ததாகச் சொல்லாது.

பயிற்சிக்கு வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரையான பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் ஆகியவற்றைக் கடந்து போவதற்கு 'பாஸ்ட்' வரட்டும். முறிகண்டிப் பிள்ளையாரிடம் வாகனங்கள் நின்றுதான் போகும் என்பதால், அங்கே மட்டும் 'ஸ்டொப் அட்' என்று எழுதுங்கள்.