நூறு வெள்ளி கேட்டவரும் நாங்கள் கொடுத்த புகாரும்

மலேசியாவில் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி, சம்மன் (அபராதச் சீட்டு) என்று மிரட்டி, கண்ஜாடையிலேயே காசு கேட்டால் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊர் திரும்பிய பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

நாங்கள் போனது பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே உள்ள ஒரு தோட்டப் பட்டணம். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வரும். என் தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போய், பால் மரம் சீவி, அங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மகன், என் பெரியப்பா, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகு லயங்களை இடித்துவிட்டார்கள். குடும்பம் இப்போது பட்டணத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறது. இந்தியர்களுக்கு 30 நாட்கள் வரை விசா தேவையில்லை என்பதும், கிளம்புவதற்கு முன் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிலெல்லாம் ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் காரில் வந்தது. பெரியப்பா மகன், எனக்குத் தம்பி, தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொன்னோம். அவனுக்கு வேலை நாள் என்பதால் தன் மைவி காரின் சாவியை என் கணவரிடம் கொடுத்தான். அவரிடம் நம் ஊர் உரிமமும், ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருந்தன. தம்பி முதல் நாள் இரவே என்னை உட்காரவைத்து இரண்டு விஷயங்கள் சொன்னான். ஒன்று, காரின் ரோட் டேக்ஸ் விவரத்தைத் தன் கைப்பேசிச் செயலியிலிருந்து படமெடுத்து எனக்கு அனுப்பினான். 2023 பிப்ரவரி 10 முதல், மலேசியக் குடிமக்களின் சொந்தக் கார்களில் ரோட் டேக்ஸ் வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை. வண்டி எண்ணைத் தட்டினாலே காவலர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். இரண்டாவது, ஒரே ஒரு மலாய் வாக்கியம்: "துவான், தோலோங் தூலிஸ் சமான்." ஐயா, தயவுசெய்து சம்மன் எழுதுங்கள். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தான். எதற்கு இவ்வளவு பாடு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பட்டணத்தைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்கு நடுவே போகும் சாலையில், மர நிழலில் மோட்டார் சைக்கிளோடு இருவர் நின்றிருந்தார்கள். தடுப்புப் பலகையோ கூம்புகளோ இல்லை. ஒருவர் கையைக் காட்டினார். கடப்பிதழ் (பாஸ்போர்ட்), உரிமம், அனுமதி எல்லாவற்றையும் வாங்கிப் புரட்டினார். பிறகு முன்கண்ணாடியைச் சுட்டிக்காட்டி, "ரோட் டேக்ஸ் இல்லை" என்றார். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. 300 வெள்ளி (ரிங்கிட்) சம்மன், நீதிமன்றம் போக வேண்டிவரும், உங்கள் விமானம் எப்போது என்று ஆங்கிலத்தில் அடுக்கினார். தேதியைச் சொன்னதும், "அடடா, அதற்குள் முடியாதே" என்று தலையை ஆட்டினார். நான் சென்னைக்குத் திரும்ப வேண்டிய நாளைக் கேட்டதே மிரட்டுவதற்குத்தான். இந்தக் கேள்வி வந்தால் தேதி சொல்லாதீர்கள். உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறோம், நேரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் குரல் தாழ்ந்தது. "இங்கேயே செட்டல் செய்யலாம். நூறு." என் கடப்பிதழைப் பாதியில் திறந்து, நடுவில் கட்டைவிரலை வைத்தபடி ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார். புத்தகம் என் பக்கம் வந்தது, விரல் மட்டும் விலகவில்லை. விரல் இருக்கும் இடத்தில் நோட்டை வைக்க வேண்டும் என்பது அதன் பொருள். சொல்லித்தர வேண்டியிராத அளவுக்குப் பழகிய கை அது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"துவான், தோலோங் தூலிஸ் சமான்" என்றேன். அவர் புரியாதவர் போல் நின்றார். மறுபடியும் சொன்னேன். கடப்பிதழைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார். வெயிலில் காத்துக்கிடந்தோம். என் கணவர், கொடுத்துவிடலாமா என்று ஒரு கட்டத்தில் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். தம்பியை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்தேன். தம்பி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. வண்டி தன்னுடையது, சம்மன் எழுதினால் எந்தக் காவல் நிலையத்தில் கட்ட வேண்டும், துவானின் பெயர் என்ன என்று மலாயில் பணிவாகக் கேட்டான். அவ்வளவுதான். புத்தகம் என் கைக்கு வந்தது. சம்மன் எழுதப்படவே இல்லை, ஏனென்றால் எழுதுவதற்கு ஒரு குற்றமும் இல்லை.

அவருடைய மார்புப் பட்டையில் இருந்த பெயரையும் எண்ணையும், மோட்டார் சைக்கிள் எண்ணையும், நேரத்தையும் காருக்குள் வந்ததும் எழுதிவைத்தேன். முகத்துக்கு நேரே படம்பிடிக்க முயலவில்லை. அந்த இடத்தில் அது வம்பை வளர்க்கும் என்று தம்பி முன்பே எச்சரித்திருந்தான். கண்ணால் பார்த்து மனத்தில் ஏற்றி, நகர்ந்ததும் எழுதிவிடுங்கள். இந்த ஒரு துண்டுத்தாள்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பெரியப்பா கொதித்துப்போனார், எங்கள்மேல். "பிழைக்க வந்த இடத்தில் மாத்தாவோடு வம்பு எதற்கம்மா? நூறு வெள்ளி போனால் போகிறது." மாத்தா என்றால் அங்கே காவலர். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மண்ணிலேயே பிறந்தும் பல வருடங்கள் சிவப்பு அடையாள அட்டையோடு, நிரந்தரவாசியாக மட்டும் இருந்தவர் அவர். குடியுரிமைக்கு நடையாய் நடந்தவருக்கு, சீருடையைக் கண்டால் ஒதுங்கிப்போவதே தற்காப்பாக இருந்திருக்கிறது. அவருடைய கவலையில் நியாயமும் இருந்தது. நாங்கள் விமானம் ஏறிவிடுவோம். கார் தம்பியின் பெயரில் இருக்கிறது, அவன் அதே சாலையில்தான் தினமும் போக வேண்டும்.

புகார் வேண்டாம் என்று நானும் ஏறக்குறைய முடிவுசெய்துவிட்டேன். மாற்றியது தம்பியின் மகன். பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்த பையன், பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறான். "அத்தை, என்னிடம் இருபது, முப்பது என்று வாங்குவார்கள். காப்பிக் காசு. கொடுக்காவிட்டால் வேலைக்கு நேரமாகிவிடும், சம்பளத்தில் பிடிப்பார்கள்" என்றான். தலையைக் குனிந்துகொண்டு, சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். சுற்றுலா வந்தவர்கள் விடுமுறை கெட்டுவிடக் கூடாது என்று நூறை நீட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தக் காசு கேட்பவரின் துணிச்சலை வளர்க்கிறது. அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுப்பது இந்தப் பையன்கள். அவன் சாப்பிட்டு எழுந்ததும், புகார் கொடுத்தே தீர்வது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போனது வீண் அலைச்சல். முகப்பில் இருந்தவர், "பணம் கொடுத்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் என்ன புகார்?" மலாயில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். தம்பி எழுதித் தந்தான். மறுபடி போனபோது, இதைப் பார்க்க வேண்டிய அதிகாரி வெளியே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே மதியம் போயிற்று. எதிரே சுவரில் லஞ்சம் வாங்காதே, கொடுக்காதே என்று சுவரொட்டி. யாரும் எங்களை அதட்டவில்லை, விரட்டவில்லை. ஆனால் யாரும் பேனாவையும் எடுக்கவில்லை. இப்படி ஓயவைத்தே பல புகார்களை அங்கே புதைத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகுதான், செய்திருக்க வேண்டிய வழி எது என்று தம்பியின் நண்பர் ஒருவர் காட்டினார். மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம், அதாவது எஸ்பிஆர்எம், காவல் துறையிலிருந்து தனியான அமைப்பு. ஈப்போவில் அதன் மாநில அலுவலகம் இருக்கிறது. 1-800-88-6000 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம். நேரில் போனோம். மரியாதையாகப் பேசினார்கள், வாக்குமூலம் வாங்கினார்கள், எழுதியதைப் படித்துக்காட்டிக் கையெழுத்துப் பெற்றார்கள். அங்கே நடந்ததைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, நிம்மதியாக நடந்தது.

ஆனால் 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு பயணியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதன் 25ஆவது பிரிவின்படி, ஒருவரிடம் லஞ்சம் கேட்கப்பட்டாலே போதும், கொடுத்திருக்க வேண்டியதில்லை. முடிந்தவரை விரைவில் ஆணைய அதிகாரியிடமோ காவல் அதிகாரியிடமோ அதைத் தெரிவிப்பது அவருடைய கடமை. தக்க காரணமின்றித் தெரிவிக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பணம் கொடுக்கவில்லையே, என்ன புகார் என்று எங்களைக் கேட்டார்களே, அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை. கொடுப்பவர் கதை இன்னும் மோசம். லஞ்சம் கொடுப்பதும் குற்றம். 20 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு, அபராதம் குறைந்தது லஞ்சத் தொகையைப்போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, எது அதிகமோ அது. நம் நாட்டிலும் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவர் குற்றவாளிதான். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால் தப்பலாம். அந்தச் சலுகையை மலேசியாவிலும் எதிர்பார்த்துக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பெரியப்பாவின் பயத்துக்கும் சட்டத்தில் பதில் இருந்தது. 2010ஆம் ஆண்டின் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், தகவல் கொடுத்தவரின் அடையாளத்தை மறைத்துவைக்கச் சொல்கிறது; பழிவாங்கலிலிருந்து அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவரோடு தொடர்புடையவர்களுக்கும் உறவினர்களுக்கும் பொருந்தும். ஆனால் அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் இந்தப் பாதுகாப்பு. முகநூலில் காவலரின் பெயரையும் படத்தையும் போட்டுக் குமுறினால் கிடைக்காது. ஊர்ப் பெயரையும் அந்தக் காவலரின் பெயரையும் நான் இங்கே எழுதாததற்கு இதுதான் காரணம். உறவினர் காரில் போகிறவர்கள் இதை நன்றாக மனத்தில் வையுங்கள்.

இன்னும் சில. கடப்பிதழின் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்டியாக வேண்டும். நகல் ஒன்றைத் தனிப் பையில் வையுங்கள். சம்மன் உண்மையாகவே எழுதப்பட்டால் பதறாதீர்கள். காவல் நிலையத்திலோ இணையத்திலோ கட்டிவிடலாம், சாலையோரத்தில் யார் கையிலும் கொடுக்க வேண்டியதில்லை. கோபமாகப் பேசாதீர்கள், சட்டப்பிரிவை அங்கே ஒப்பிக்காதீர்கள். சீருடை இல்லாமல் வந்து நிறுத்தினால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளூரில் மலாய் பேசும் ஒருவரின் எண் முதல் அழைப்பில் இருக்கட்டும்.

எல்லாக் காவலர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. கல்லுமலைக்குப் பிறகு ஒரு நாள் தைப்பிங் போகும் வழியில் முறையான சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். தாள்களைப் பார்த்துவிட்டு, வழி சொல்லி அனுப்பினார்கள்.

புகாருக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். விசாரணையில் இருக்கிறது என்று மின்னஞ்சலில் ஒரு வரி வந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியாது. சாட்சி சொல்ல அழைத்தால் வருவேன் என்று பதில் எழுதியிருக்கிறேன். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வருவதென்றால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ" என்றார்.