அத்தை தூக்கிப் போட இருந்த 23 கேசட்டுகள்

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் என் அத்தை, போன கோடையில் பெரிய வீட்டை விற்றுவிட்டு அபார்ட்மென்ட்டுக்கு மாறினார். பேஸ்மென்ட்டைக் காலி செய்ய நானும் போயிருந்தேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. "ஏன்டா, இதெல்லாம் உன் அத்தானோட பழைய வீடியோ கேம் கேசட்டு. குப்பையில போட்டுடலாமா?" என்று கேட்டார்.

திறந்து எண்ணினேன். மொத்தம் 23. நிண்டெண்டோவின் முதல் அமெரிக்க கன்சோலான (டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி) என்.இ.எஸ்ஸுக்கு 14, அதற்கு அடுத்து வந்த சூப்பர் நிண்டெண்டோவுக்கு 5, கையில் வைத்து விளையாடும் கேம் பாய்க்கு 4. சியாட்டிலில் இருக்கும் அத்தானுக்கு போன் போட்டேன். "வித்து அம்மாகிட்ட குடுத்துடு. அந்தத் தங்கக் கலர் செல்டா கேசட்டு மட்டும் எனக்கு வேணும்" என்றார். சரி என்று பெட்டியைக் காரில் ஏற்றினேன். கடைசிக் கேசட் கைமாற ஐந்து மாதம் ஆனது.

முதலில் என் மண்டையில் இருந்ததெல்லாம் 2021 செய்திகள்தான். அந்த ஜூலையில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் ஒரு 'லெஜண்ட் ஆஃப் செல்டா' கேசட் 8,70,000 டாலருக்குப் போனது. இரண்டே நாளில் ஒரு 'சூப்பர் மாரியோ 64' 15.6 லட்சம் டாலரைத் தொட்டது. அத்தானுடைய பெட்டியிலும் மாரியோ இருந்தது, செல்டா இருந்தது. அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. ஏலத்தில் போனவை கடையிலிருந்து வந்தபடியே பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. அதிலும் செல்டா, மிக ஆரம்பத்தில் அச்சான பதிப்பு. எங்களிடம் இருந்த மாரியோ, 'டக் ஹண்ட்' விளையாட்டோடு ஒரே கேசட்டில் வருவது. 1988 முதல் கன்சோலோடு சேர்த்தே கொடுத்தார்கள் என்பதால் லட்சக்கணக்கான வீடுகளில் அது இருக்கிறது. நான் அதை விற்றது 12 டாலருக்கு.

பழசு என்பதற்காக யாரும் காசு தருவதில்லை. எத்தனை பேர் அந்த விளையாட்டைத் தேடுகிறார்கள், நல்ல நிலையில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்பதுதான் கணக்கு. விலை பார்க்கும்போது, விற்க வைத்திருப்பவர் கேட்கும் தொகையைப் பார்க்கவே கூடாது. யார் வேண்டுமானாலும் ஆயிரம் டாலர் கேட்கலாம். உண்மையில் விற்று முடிந்த தொகையைப் பார்க்க வேண்டும். பிரைஸ்சார்ட்டிங் தளம் அதைத்தான் தொகுத்துத் தருகிறது. வெறும் கேசட், பெட்டியும் கையேடும் சேர்ந்தது, பிரிக்காதது என்று மூன்று விலை இருக்கும். மூன்றுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அடுத்தது அசலா போலியா என்று பார்ப்பது. இங்கே என் திருச்சிப் பால்யம் கைகொடுத்தது. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் இருந்தது, என்.இ.எஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமின் நகல் பெட்டிதான். கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனால் அதே பத்துப் பதினைந்து விளையாட்டுகள் திரும்பத் திரும்ப வரும். ஓடாத கேசட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தால், உள்ளே சின்னதாக ஒரு போர்டு, நடுவில் கறுப்பு மெழுகை உருக்கி ஊற்றியது போல ஒரு பொட்டு. சிப் அந்தப் பொட்டுக்குள்தான். ஒரு கேசட்டுக்குள் வேறு எதுவும் இருக்க முடியும் என்றே எனக்கு அப்போது தெரியாது.

நிண்டெண்டோ கேசட்டைத் திறக்கச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் உதவாது. அதற்கென்றே உள்ள 3.8 மில்லிமீட்டர் ஸ்க்ரூ டிரைவர் முனை ஒன்று வேண்டும், சில டாலர்தான். ஒவ்வொன்றாகத் திறந்தேன். பச்சைப் போர்டு, அதில் நிண்டெண்டோ பெயர், கால் முளைத்த தனித்தனி சிப்புகள். நாற்பது வயதைத் தாண்டி முதல்முறையாக ஓர் அசல் கேசட்டின் உள்ளே பார்க்கிறேன். அவ்வளவு நேர்த்தி. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.

'போக்கிமான் கோல்ட்' கேசட்டைத் திறந்தபோது அந்தக் கறுப்புப் பொட்டு இருந்தது. இருபது வருஷத்துக்கு முன் பழைய பொருள் சந்தையில் வாங்கியதாம். வெளியே பார்த்தால் சந்தேகமே வராது. அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். போலி என்று தெரிந்தபின் இன்னொருவர் தலையில் கட்ட மனசு வரவில்லை.

சுத்தம் செய்வது எளிய வேலை. 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி, பொறுமை. கேசட்டின் தொடுமுனைகளிலிருந்து முப்பது வருஷத்துக் கறுப்பு வரும். சின்ன வயதில் எல்லாரும் கேசட்டுக்குள் வாயால் ஊதியிருப்போம். எச்சில் ஈரம் பட்டுப் பட்டுத்தான் அந்த முனைகள் அரிக்கும். ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது.

ஒரு தவறு செய்தேன். 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்' லேபிளில் அத்தான் மார்க்கரால் தன் பெயரை எழுதியிருந்தார். அதே ஆல்கஹாலை வைத்துத் தேய்த்தேன். பெயர் போனது, கூடவே மாரியோவின் பாதி முகமும் போனது. பெயர் இருந்திருந்தால் விலை கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். லேபிளில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் பேட்டரி. விளையாட்டைச் சேமித்து வைக்கும் கேசட்டுகளுக்குள் பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். 1998இல் வந்த 'போக்கிமான் ரெட்' இன்னும் உயிரோடு இருந்தது. அத்தானின் போக்கிமான்கள் அத்தனையும் உள்ளே. ஆனால் எவ்வளவு நாளைக்கு? யு.எஸ்.பி. ரீடர் ஒன்று வாங்கி, சேமித்ததை முதலில் கணினிக்கு நகல் எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். பிறகுதான் பழைய பேட்டரியைக் கழற்றி, காதுத் தகடு வைத்த புதிய சி.ஆர்.1616ஐச் சால்டர் செய்தேன். தகடு இல்லாத பேட்டரியில் நேராகச் சூட்டை வைத்தால் வெடிக்கக்கூடும். மாற்றியதை விளம்பரத்தில் எழுதினேன். யாரும் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. பலருக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

பெரிய தொகை வந்த இடம் நான் எதிர்பார்க்காதது. 1995இல் வந்த 'குரோனோ டிரிகர்' வெறும் கேசட்டாகவே நல்ல விலை போகும். "இதோட அட்டைப்பெட்டி எங்கேயாவது இருக்குமா அத்தை?" என்று சும்மா கேட்டுவைத்தேன். அத்தை சமையலறை இழுப்பறையைத் திறந்தார். அந்தப் பெட்டிக்குள் மளிகைக் கடை கூப்பன்களை அடுக்கி வைத்திருந்தார், கையேடும் அடியில் அப்படியே கிடந்தது. அந்தக் காலத்துக் குழந்தைகள் முதல் நாளே கிழித்துப் போட்டது அட்டைப்பெட்டியைத்தான். அதனால் சில விளையாட்டுகளில் காலிப் பெட்டியே கேசட் விலைக்கு நிற்கிறது. ஒரு மூலை நசுங்கியிருந்தும் மூன்றும் சேர்ந்து 380 டாலருக்குப் போயின.

தரச்சான்று வாங்கலாமா என்றும் யோசித்தேன். நிறுவனங்கள் மதிப்பெண் போட்டு, கனமான பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்கள். விளையாடித் தேய்ந்த வெறும் கேசட்டுக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. எனக்கு இன்னொன்றும் உறுத்தியது, அடைத்தபின் அதை யாரும் விளையாட முடியாது.

உள்ளூர்க் கடை ஒன்று மொத்தத்துக்கும் 300 டாலர் தருவதாகச் சொன்னது. அவர்களுக்கும் லாபம் வேண்டுமே, நியாயமான பேச்சுதான். நான் ஒவ்வொன்றாக இணையத்தில் போட்டேன். 'போக்கிமான் ரெட்' வாங்கியவர் ஒரு வாரம் கழித்து, போலி அனுப்பிவிட்டாய் என்று புகார் போட்டுத் திருப்பி அனுப்பினார். பார்சலில் வந்தது என் கேசட்டே இல்லை. நல்லவேளையாக, அனுப்புமுன் போர்டின் இரு பக்கத்தையும் படமெடுத்திருந்தேன். லேபிளில் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும், அதையும் எடுத்திருந்தேன். திரும்பி வந்ததில் எண் வேறு. மூன்று வாரம் எழுதி எழுதி, கடைசியில் பணம் வந்தது. படங்கள் இல்லாமல் போயிருந்தால் கேசட்டும் போய்க் காசும் போயிருக்கும்.

மொத்தம் 715 டாலர். அத்தையிடம் கொடுத்தபோது முதலில் வாங்க மறுத்தார். பிறகு புது வீட்டு பால்கனிக்கு இரண்டு நாற்காலியும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும் வாங்கினார்.

டிசம்பரில் அத்தான் வந்திருந்தார். தங்கக் கலர் செல்டாவை வெளியே எடுத்தேன். 1987இல் வந்தது, பேட்டரியைத் தொடவில்லை, துடைத்ததோடு சரி. சந்தையில் அது முப்பது டாலர் பெறும். பழைய என்.இ.எஸ்ஸில் போட்டதும் சேமிக்கும் மூன்று இடங்களில் முதலாவதில் அவர் பெயரும், உயிரைக் காட்டும் இதயங்களும் இருந்தன. அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் விளையாடினார்கள், அத்தை வழி சொல்ல அத்தான் நடந்தார். முடித்து அணைக்கும்போது அத்தானின் இடது கட்டைவிரல் முதலில் ரீசெட்டை அழுத்திப் பிடித்தது, அப்புறம்தான் வலது கை பவரை அணைத்தது. அப்படிச் செய்யாவிட்டால் சேமித்தது அழியலாம். அத்தான் யோசிக்கவே இல்லை.