27 இன்ச் திரைக்கு மாறினேன்

நாலு வருஷமாக என் மொழிபெயர்ப்பு வேலை முழுக்க 15.6 இன்ச் லேப்டாப் திரையில்தான். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் என் வரைவு, அகராதியைத் திறந்தால் அது இரண்டையும் மறைத்துக்கொண்டு வந்து நிற்கும், அதை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் எந்த வரியில் விட்டேன் என்பதே மறந்துபோகும். போன மாதம் 27 இன்ச் மானிட்டர் வாங்கினேன். இப்போது மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தே இருக்கின்றன. ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு மாற அழுத்தும் ஆல்ட்-டேப் விசைகள் பக்கம் விரல் போவதே அபூர்வம்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இன்ச்சை மட்டும் பார்க்காதீர்கள். திரையில் அகலவாக்கிலும் உயரவாக்கிலும் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் மிகச் சிறிய கட்டங்கள்) என்பதையும் பாருங்கள். 27 இன்ச்சில் 1920×1080 என்றால் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 82 பிக்சல்தான், 2560×1440 என்றால் 109 வரும். தமிழ் எழுத்துக்கு இது பெரிய வித்தியாசம். கடையில் இரண்டிலும் ஒரே பத்தியைத் திறந்து பார்த்தேன்; முதலாவதில் 'ணி'யின் சுழிகள் ஒட்டிக்கொண்டு தெரிந்தன, மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மெய்ப்பு பார்க்கிற எனக்கு அந்தப் புள்ளிதான் முக்கியம், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து இரண்டாவதையே எடுத்துவிட்டேன்.

அப்புறம், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி ஸ்டாண்டை ஏற்றி, ஒரு கை நீளம் தள்ளி வைத்தேன். சாயங்காலமானால் வரும் கழுத்து வலி இரண்டு வாரமாக இல்லை.