எண்ணெயில் நனைந்த இறகு

எண்ணூர்ப் பக்கம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு இன்று சுற்றுச்சூழல் வகுப்பு. புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஒரு பேசின் தண்ணீர், கரித்தூள் கலந்த சமையல் எண்ணெய், ஆளுக்கொரு கோழி இறகு, அவ்வளவுதான்.

வெறும் இறகில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. எண்ணெயில் தோய்த்ததும் இழைகள் ஒட்டிக்கொண்டன, தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் ஏன் அப்படித் தவித்தன என்று அப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தேங்காய் நார், பஞ்சு, பழைய துணி என்று எதையெல்லாமோ வைத்து உறிஞ்சிப் பார்த்தார்கள். பேசின் ஓரத்துப் பிசுக்கு மட்டும் போகவே இல்லை. "அப்போ அலையாத்தி வேர்ல ஒட்டினதை எப்படி மிஸ் எடுப்பாங்க?" என்றாள் ஒருத்தி. அவள் அப்பா அங்கேதான் இறால் பிடிக்கிறார்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு கட்டாயம் வேண்டும். ஆசிரிய நண்பர்கள் யாராவது செய்வதாக இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து உதவுகிறேன்.