பட், டாம், பூச், சி

"பட்டாம்பூச்சி நாலு தட்டு மாமா!"

இன்று மாலை அக்கா மகன் கத்திச் சொன்னது. வயது 9. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதில் சிரமம். புத்தகத்தைத் திறந்தாலே முகம் சுருங்கிவிடும் பிள்ளை.

பட், டாம், பூச், சி. தொடையில் நான்கு முறை தட்டினான். அப்புறம் அதே தாளத்தில் எழுத்துகளின் மேல் விரலை நகர்த்தி வாசித்தான். 'ட்' வந்ததும் அந்தப் புள்ளியில் விரல் ஒரு கணம் நின்றது. வழக்கமாக அதை விழுங்கிவிடுவான்.

மிருதங்க வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம். தகதிமி, தகிட என்று வாயால் சொல்லிச் சொல்லித்தான் கைக்கு வருகிறது.

டிஸ்லெக்சியா உள்ள பல குழந்தைகளுக்குப் பேச்சின் தாளமும் அசை தொடங்கும் இடமும் காதில் சரியாகப் பிடிபடுவதில்லை என்கிறார் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் உஷா கோஸ்வாமி. 2015இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் ஒரு குழுவுக்கு இசையும் இன்னொன்றுக்கு ஓவியமும் கற்றுக்கொடுத்தார்கள். வாசிப்பில் கூடுதலாக முன்னேறியது இசைக் குழு.

இசை மட்டும் போதாதுதான். சிறப்பு ஆசிரியரிடமும் போகிறான், அதை நிறுத்த மாட்டோம். ஆனால் 'சோம்பேறி' என்று பள்ளி டைரியில் எழுதி அனுப்பினார்களே, அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

அடுத்து 'வண்ணத்துப்பூச்சி' கொடுத்திருக்கிறேன். விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறான்.