புதராகிவிட்ட குண்டுமல்லிக்குக் கவாத்து

கார்த்திகையில் மழை சற்று ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும், குண்டுமல்லிக்குக் கவாத்து செய்யும் வேலையை நான் தள்ளிப்போடுவதில்லை. நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி, "பூக்கிற செடியை இப்படி மொட்டையடிக்கலாமா?" என்று ஒவ்வோர் ஆண்டும் மனம் பொறுக்காமல் கேட்கிறார். பூக்க வேண்டும் என்பதற்காகவே வெட்டுகிறோம்.

மல்லிகை மொட்டு வைப்பது புதிதாகத் துளிர்த்த கிளைகளில்தான். சில ஆண்டுகள் வெட்டாமல் விட்ட செடியின் மேலிலைகளை ஒதுக்கிவிட்டு உள்ளே பாருங்கள்: வெளியே பச்சைக் குடையாகத் தெரிந்தது உள்ளே இலையற்ற சாம்பல் நிறக் குச்சிகளாக, ஒன்றோடொன்று உரசிப் பட்டை தேய்ந்து, சிலந்திவலையும் சருகும் அடைந்து கிடக்கும். வெளிச்சமும் காற்றும் புகாத அந்த இடத்தில் துளிர் வராது, பூச்சிதான் குடியேறும். நுனியை மட்டும் கத்தரித்து வடிவம் பார்ப்பதால் உள்ளே அடைந்திருக்கும் அந்தப் பழங்குச்சிகள் அப்படியேதான் இருக்கும். குளிர்நாட்டுத் தோட்டங்களில் வளரும் ஹீதர் புதரை முதிர்ந்த கட்டைவரை வெட்டினால் அது பெரும்பாலும் மறுபடி தழைக்காது. மல்லிகைக்கு அந்த அச்சம் தேவையில்லை. பழைய தண்டின் கணுவிலிருந்தும் துளிர்விடும்.

முதலில் காய்ந்ததையும் நோயுற்றதையும் குறுக்கே வளர்ந்ததையும் அடியோடு நீக்கிவிட்டு, மீதமுள்ள கிளைகளைக் கணுவுக்குச் சற்று மேலே, மழைநீர் தேங்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கிவிடும் என்பதால் அதைத் தீட்டி வைத்துக்கொள்வது மிக அவசியம். தடித்த தண்டுகளின் வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சைக்கொல்லியின் பசையைத் தடவுகிறேன்.

வெட்டிய கையோடு தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு, மக்கிய தொழுவுரம் இட வேண்டும். தரையில் வளரும் முதிர்ந்த செடிக்கு ஆண்டுக்கு 10 கிலோ என்பது கணக்கு. தொட்டிச் செடிக்கு இரண்டு கைப்பிடி போதும். ஆடி வாக்கில் இன்னொரு முறை உரமிட்டால் பின்பருவப் பூவும் நன்றாக வரும்.

ஆழ்குழாயின் கடின நீரையே ஊற்றும் சென்னை வீடுகளில், புதுத்துளிர் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றப் பகுதி வெளிறிப்போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து, வெளிறல் மாறும்வரை மாதம் ஒருமுறை இலைமேல் மாலை வேளையில் தெளித்துவந்தால் சரியாகும்.